மெயின் பாய் கவர் தையல் விட்டுப்போச்சு, வீட்டு மிசினிலை தைக்கலாமோ?

ஸ்காபரோ_அலை:

வணக்கம் எல்லாருக்கும். எங்கட பாய்ப்படகு 27 அடி, சி அண்ட் சி எண்ட கொம்பனி எழுபதுகளிலை கட்டினது, ஸ்காபரோ ப்ளஃபர்ஸ் பார்க்கிலை நிக்குது. இந்த மே மாசம் தண்ணியிலை இறக்கின கையோட மெயின் பாய்க்கு, அது தான் பெரிய பாய்க்கு, மேல போடுற கவரை எடுத்து விரிச்சா, முதுகுப் பக்கம் நீட்டுக்குப் போற தையல் ஒரு முழத்துக்கு மேல வாய் பிளந்து கிடக்குது. மாஸ்ட்டை (பாய்மரத்தை) சுத்தி வாற கொலர்ப் பக்கம் சிப் மேல ஏறுது, ஆனா ஏற ஏறப் பின்னால பல்லு திறந்துகொண்டே வருது. துணி சன்பிரெல்லா தான் எண்டு படகை வித்தவர் சொன்னவர், கடும் நீலமா இருந்ததாம், இப்ப மேல்பக்கம் வெளிறிப் போச்சு, ஆனா கிழிசல் ஒண்டும் பெரிசா இல்லை, மாஸ்ட்டிலை கயிறு சுத்தி இழுக்கிற வின்ச் முட்டுற இடத்திலை மட்டும் ஒரு ஓட்டை.

கன்வஸ் வேலை செய்யிற கடை ஒண்டிலை கேட்டன். பழசிலை கை வைக்க மாட்டம், புதுசாத் தான் தைக்கோணும் எண்டு சொல்லி ஒரு விலை சொன்னாங்கள், கேட்ட உடன தண்ணி விடாய்ச்சுது. அதை விடுவம்.

வீட்டிலை அம்மான்ர சிங்கர் மிசின் ஒண்டு கிடக்குது, பழைய கறுப்பு இரும்பு, இஞ்ச வந்த புதுசிலை கராஜ் சேலிலை வாங்கி மோட்டர் பூட்டினது, நேர்த்தையல் மட்டும் தான் போடும், சிக்ஸாக் இல்லை. அம்மா அதிலை திரைச்சீலை, சாரிக்கு போல்ஸ் எல்லாம் தைக்கிறவ. எனக்கு ஜீன்ஸ் கால் மடிச்சுத் தைக்கத் தெரியும், அவ்வளவு தான். இந்த மிசினாலை இந்தத் துணியை இழுக்கலாமோ, எந்த நூல் வாங்கிறது, துணிக்கடையிலை அவுட்டோர் நூல் எண்டு ஒண்டு விக்கிறாங்கள் அது காணுமோ, இல்லாட்டி இதை முழுக்கப் பிரிச்சு அச்சு எடுத்துப் புதுசா வெட்டித் தைக்கிறது தான் நல்லதோ? முன்னால கட்டுற ஜெனோவா பாயின்ர ஓரத்திலை நீலத் துணி ஒரு பட்டையா வருமே, அதிலையும் அங்க இஞ்ச நூல் கழண்டு நிக்குது, அதையும் இதோட சேத்துச் செய்யலாமோ எண்டும் சொல்லுங்கோ.

வல்வை_நங்கூரம்:

தம்பி, முதல் துணி செத்ததோ நூல் செத்ததோ எண்டு பாருங்கோ, ரெண்டும் ஒண்டாச் சாகாது. சன்பிரெல்லா எண்டுறது அக்ரிலிக். நூல் இழைக்க முதலே சாயத்தை உள்ளுக்குக் கலந்திடுவாங்கள், மேல பூசுற சாயம் இல்லை, அதாலை தான் வெயிலுக்கு நிண்டு பிடிக்கும், செய்யிறவங்களே 10 வருச உத்தரவாதம் குடுக்கினம். ஆனா அதைத் தைக்கிற நூல் அனேகமாப் பாலியஸ்டர். துணி விறைப்பா இருக்கிறதாலை தையல் உள்ளுக்கு அமிழாமல் மேல முழிச்சுக்கொண்டு நிக்கும், வெயில் முழுக்க அதிலை தான் விழும், கவர் மடிக்கேக்கை உராயிறதும் அது தான். துணி நல்லா இருக்க நூல் போறது அதாலை தான். கவரைக் குப்பையிலை போடுற கன பேர் உண்மையிலை போடுறது நூலைத் தான்.

சோதிக்கிறது லேசு. பெருவிரல் நகத்தைத் தையலுக்குக் குறுக்க வைச்சு நல்லா அழுத்திச் சுரண்டுங்கோ, முதுகுப் பக்கம் ஒருக்கா, பூமுக்கு (பாயின்ர அடியைப் பிடிக்கிற கிடைத் தடி) கீழ வெயில் படாத கரையிலை ஒருக்கா. மேல நூல் துண்டு துண்டா வந்து கீழ அசையாமல் நிண்டா விசயம் விளங்கீட்டுது. பிறகு துணி. ஆகலும் வெளிறின இடமாப் பாத்து ரெண்டு கையாலையும் பிடிச்சு ரெண்டு பக்கமும் இழுங்கோ, வெக்கப்படாமல் பலமா இழுங்கோ. கிழியாட்டி அந்தத் துணியிலை இன்னும் சில வருசம் இருக்கு, திருப்பித் தைக்கலாம். கிழிஞ்சா எவ்வளவு நல்ல நூல் போட்டும் பிரியோசனமில்லை, தைச்ச ஓட்டை வழியாவே பிரியும்.

வெளிறினதை வைச்சு மட்டும் முடிவு எடுக்க வேண்டாம். தண்ணி உள்ளுக்கு இறங்குது எண்டதை வைச்சும் எடுக்க வேண்டாம், அது மேல பூசின நீர்தாங்கி போனது, திருப்பிப் பூசலாம்.

ஜெனோவா பட்டை வேற விசயம். அது பாயோட சேத்துத் தைச்சது, பாய் காத்திலை இழுபடேக்கை தையலும் இழுபடோணும், அதுக்குத் தான் சிக்ஸாக் போடுறது. உங்கட மிசினிலை நேர்த்தையல் போட்டா காத்து அடிக்கேக்கை நூல் அறும். ஒரு இஞ்சி ரெண்டு இஞ்சி கழண்டிருந்தா கையாலை பழைய ஓட்டைக்குள்ளாலை ஊசி விட்டுத் தையுங்கோ, உள்ளங்கையிலை மாட்டுற தோல் பட்டை ஒண்டும் மெழுகு பூசின நூலும் காணும். முழு நீளமும் போயிருந்தா பாய்த் தையல்காரரிட்டைக் குடுங்கோ, அவ்வளவு பெரிய துணியை வீட்டு மேசையிலை உருட்டி மிசின் கழுத்துக்குள்ளாலை விடுறது மனிசர் செய்யிற வேலை இல்லை.

எங்கட ஊர் ஆக்களுக்கு இது புதுசு இல்லை பாருங்கோ. வல்வெட்டித்துறையிலை கட்டின அன்னபூரணி எண்ட பாய்க்கப்பல் 1938இலை அமெரிக்காவிலை குளொஸ்டர் வரைக்கும் ஓடிப் போய்ச் சேந்தது. அந்தக் காலத்துப் பருத்திப் பாய்த்துணி நனைஞ்சா ஊதி ஊசி ஓட்டையை அடைக்கும். அக்ரிலிக் ஊதாது, ஓட்டை ஓட்டையாவே நிக்கும். அதாலை முதுகிலை தையல் வராமல் பாக்கிறது தான் கெட்டித்தனம், உங்கட கவரிலை நடு முதுகிலை வந்திருக்கு, அதை ஆர் வெட்டினதோ தெரியாது.

மிசின்_அக்கா:

தம்பி, நான் மிசிசாகாவிலை ஒரு கன்வஸ் பட்டறையிலை படகுக்கு பிமினி (வெயில் பந்தல்), டொட்ஜர் (முன்னால காத்து, அலை மறைக்கிற கூடு), கவர் எல்லாம் தைச்சனான், இப்பவும் வீட்டிலை இருந்து தைக்கிறன். அம்மான்ர மிசினைப் பற்றிக் கவலைப்படாதேங்கோ. பழைய இரும்பு சிங்கர் இப்ப வாற பிளாஸ்ரிக் மிசினை விட இந்த வேலைக்கு நூறு மடங்கு திறம். அக்ரிலிக் நாலு மடிப்பு வடிவா இழுக்கும். ஆறு மடிப்பு எட்டு மடிப்பு வாற இடத்திலை, கொலர் மூலையிலை அப்பிடி வரும், மோட்டரை விட்டிட்டு சில்லைக் கையாலை சுத்துங்கோ. அதுக்கு முதல் அந்த மடிப்பை ஒரு பலகையிலை வைச்சுச் சுத்தியலாலை நாலு தட்டுத் தட்டுங்கோ, தட்டையாப் போயிடும், ஊசி வளையாது. சிரிக்காதேங்கோ, பட்டறையிலையும் அப்பிடித் தான் செய்யிறது.

நேர்த்தையல் கவருக்குக் காணும். கவர் என்ன பாய் மாதிரிக் காத்து வாங்கப் போகுதோ.

நூல். துணிக்கடை அவுட்டோர் நூலை விடுங்கோ, மெல்லிசு. படகுக் கன்வஸுக்கு எண்டு வாற பொண்டட் (இழை பிரியாமல் ஒட்டின) பாலியஸ்டர், வெயிலுக்குத் தாங்கிற மாதிரிச் செய்தது எண்டு கேட்டு வாங்குங்கோ. நூல் தடிப்புக்கு நம்பர் இருக்கு, நம்பர் கூடினா தடிப்பும் கூட, பட்டறை மிசினிலை நாங்கள் போடுறது வி-92. உங்கட மிசினுக்கு வி-69 போடுங்கோ, வி-92 வீட்டு மிசினிலை டென்சன் (நூல் இறுக்கம்) பிடிக்காமல் அடியிலை குருவிக்கூடு கட்டும். நைலோன் வேண்டாம், பலம் எண்டு சொல்லுவாங்கள், பலம் தான், ஆனா வெயிலிலை பாலியஸ்டருக்கு முதல் போயிடும். வெள்ளையை விடக் கறுப்பு, கடும் நீலம் கூட நாள் தாங்கும். பொபினுக்கும் அதே நூல் தான் சுத்தோணும், தடிச்ச நூல் எண்டதாலை பொபின் கெதியா முடியும், கனக்கச் சுத்தி வைச்சுக்கொண்டு தொடங்குங்கோ.

ஊசி ஜீன்ஸ் ஊசி, 110 எண்டு போட்டிருக்கும், பக்கத்திலை 18 எண்டும் இருக்கும். தையல் நீளத்தை ஆகலும் கூட வையுங்கோ, பழைய சிங்கரிலை இஞ்சிக்கு 6 தையல் தான் கடைசி அளவு, அது தான் இதுக்குச் சரியான அளவும். சின்னத் தையல் பலம் எண்டு கன பேர் நினைக்கினம், சின்னத் தையல் போட்டா துணியிலை வரிசையா ஓட்டை போட்டு முத்திரைக் கரை மாதிரிக் கிழிக்கக் குடுக்கிறது தான் நடக்கும். பாதத்தின்ர அழுத்தத்தைக் கூட்டுங்கோ. மேல் டென்சனைக் கூட்டிக் கூட்டிப் போய், ரெண்டு நூலும் துணிக்கு நடுவிலை கொளுவுதோ எண்டு ஒரு வெட்டுத் துண்டிலை பாருங்கோ, கவரிலை பாக்க வேண்டாம்.

பழைய தையலைப் பிரிச்சு எடுக்காதேங்கோ, உதிர்ந்து தொங்கிறதை மட்டும் கத்தரிச்சிட்டு அதுக்குப் பக்கத்திலை ரெண்டு மூண்டு மில்லிமீற்றர் தள்ளிப் புதுத் தையல் ஓட்டுங்கோ. தையல் வாய் பிளந்த இடத்திலை மட்டும் ரெண்டு பக்க ஒட்டு ரேப் ஒண்டு வைச்சு முதல் ஒட்டிட்டுத் தைச்சா துணி வழுக்காது. ஊசியிலை பசை ஏறும், அப்பப்ப ஸ்பிரிட் துணியாலை துடையுங்கோ, இல்லாட்டி தையல் விட்டு விட்டு விழும். ஒரு இடம் விட்டுது எண்டு அதை மட்டும் தைச்சிட்டு விட வேண்டாம், அதே நூல் அதே வெயில், மிச்சமும் வாற வருசம் விடும், எல்லாத் தையலையும் ஒருக்கா ஓட்டி விடுங்கோ.

சிப்புக்கு: பல்லு உடையாட்டி சிப் நல்லது, தலை தான் தேஞ்சு வாய் அகண்டு போச்சு. தலைக்குப் பின்னால 10 எண்டு போட்டிருக்கும், அதே நம்பர் அதே வகைத் தலை மட்டும் வாங்கி மாத்துங்கோ, சில டொலர் தான். மெல்லமாக் குறட்டாலை ரெண்டு பக்கமும் அமத்தினாலும் கொஞ்ச நாளைக்கு ஓடும்.

எல்லாத்துக்கும் முதல் கழுவிக் காய விடுங்கோ. குருவி எச்சத்தோட என்ர மிசினுக்குக் கிட்டவும் கொண்டுவர விட மாட்டன், அம்மாவும் விட மாட்டா எண்டு நினைக்கிறன்.

ஸ்காபரோ_அலை:

அக்கா, அண்ணை, ரெண்டு பேருக்கும் நன்றி. நகத்தாலை சுரண்டிப் பாத்தன், முதுகுத் தையல் முழுக்கப் பொடியா வந்திட்டுது, கீழ்க்கரைத் தையல் கயிறு மாதிரி நிக்குது. துணி நானும் மனிசியும் ரெண்டு பக்கமும் நிண்டு இழுத்தும் கிழியேல்லை. அப்ப திருத்துறது தான். சிப் தலையிலை அக்கா சொன்ன மாதிரியே 10 எண்டு இருக்கு.

ஆனா உள்பக்கம் மடிப்புக்குள்ளை கறுப்புக் கறுப்பாப் பூஞ்சணம் கிடக்குது, சவர்க்காரத்துக்குப் போகேல்லை. பிளீச் போடலாமோ? நீலம் போயிடாதோ?

சாங்கி_காத்து:

தம்பி பிளீச் போடலாம், பயப்படாதீங்க, மேல ஒரு அண்ணன் சொன்னாரே சாயம் நூலுக்குள்ளயே இருக்குன்னு, அதனாலதான் இந்தத் துணிக்கு மட்டும் பிளீச் தாங்கும், வேற துணிக்கு இதை ட்ரை பண்ணாதீங்க. நான் சிங்கப்பூர்ல இருக்கேன், பூஞ்சைன்னா என்னன்னு எங்ககிட்ட கேளுங்க, இங்க ரெண்டு வாரம் படகுப் பக்கம் போகலைன்னா கவர் உள்ள காளான் பண்ணையே இருக்கும். துணி தயாரிக்கிறவங்க சொல்ற அளவு ஒரு கேலன் தண்ணிக்கு ஒரு கப் பிளீச், கால் கப் லேசான சோப்பு. ஒரு கேலன்னா கிட்டத்தட்ட நாலு லிட்டர். கரைச்சு ஊத்தி ஒரு 15 நிமிஷம் ஊறவிட்டு மெல்லிய பிரஷ்ல தேய்ச்சு, அப்புறம் தண்ணிய ஊத்தி ஊத்தி அலசணும், பிளீச் வாசனை போற வரைக்கும் அலசணும். வெயில்ல காயவைங்க, ட்ரையர்ல போடாதீங்க, அயர்ன் பக்கமே போகாதீங்க, அக்ரிலிக் சுருங்கிடும். கவர்ல தோல் பேட்ச் வச்சிருந்தாலோ கிளியர் பிளாஸ்டிக் ஜன்னல் இருந்தாலோ அந்த இடத்துல பிளீச் படாம பார்த்துக்குங்க.

இப்படிக் கழுவினா மேல இருக்குற வாட்டர் ரெப்பெலன்ட் போயிடும். காஞ்சதுக்கு அப்புறம் 303 ஃபேப்ரிக் கார்ட் மாதிரி ஒண்ணு அடிச்சு விடுங்க, தைச்சு முடிச்சுட்டு அடிங்க, அப்பத்தான் ஊசி ஓட்டைக்குள்ளயும் கொஞ்சம் இறங்கும்.

பூஞ்சை துணிய சாப்பிடாது, துணி மேல இருக்குற அழுக்கைத்தான் சாப்பிடும். அதனால மடிச்சு வைக்கும்போது ஈரமா மடிக்காதீங்க. கவரோட அடிப்பக்கம் பூமுக்குக் கீழ இறுக்கி மூடாம ஹூக்கு ஹூக்கா விட்டு காத்து போற மாதிரி இருக்கணும், சில பேர் மழை உள்ள வருதுன்னு அடியையும் மூடித் தைக்கச் சொல்றாங்க, அப்புறம் பாய் உள்ளயே அவியும்.

நூல் விஷயத்துல மட்டும் அக்காகிட்ட எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. பாலியஸ்டர் போட்டீங்கன்னா திரும்ப இதே வேலையை செய்வீங்க. பி.டி.எஃப்.ஈ நூல் (டெஃப்லான் வகை) வாங்குங்க, டெனாரான்னு கோர் கம்பெனியோடது ஒண்ணு வருது. வெயில் அதை ஒண்ணும் பண்ணாது, பிளீச்சும் ஒண்ணும் பண்ணாது, துணி போனாலும் நூல் அப்படியே நிக்கும். விலை பல மடங்கு, சும்மா சொல்லல. ஆனா இங்க வருஷம் பூரா வெயில் நட்டுக்குத்தா அடிக்குது, பாலியஸ்டர் சீக்கிரமே பல்லிளிச்சிடும். துணிக்கும் உழைப்புக்கும் இவ்வளவு செலவு பண்ணிட்டு நூல்ல கஞ்சத்தனம் எதுக்கு.

வல்வை_நங்கூரம்:

சிங்கப்பூர்த் தம்பி சொல்லுறது சிங்கப்பூருக்குச் சரி. இஞ்ச படகு மே மாசம் இறங்கி ஒக்டோபரிலை ஏறுது, மிச்ச மாசம் கவர் பேஸ்மென்ரிலை. அரை வருச வெயில், அதுவும் இந்த நாட்டு வெயில். நல்ல பாலியஸ்டர் இந்தப் பழைய துணியின்ர மிச்ச ஆயுசுக்குத் தாராளமாக் காணும். வெளிறின துணிக்கு டெனாரா போடுறது பழைய வேட்டிக்குப் பட்டுக்கரை வைக்கிற வேலை.

புதுசாத் தைக்கிற நாளிலை அந்த நூலைப் போடுங்கோ, அதிலை எனக்கு மறுப்பில்லை. வேற ஒண்டு, அந்த நூல் வழுக்கும், வீட்டு மிசினிலை முதல் முறை தைக்கிற ஆளுக்கு அது தலையிடி.

மிசின்_அக்கா:

ஓம், டெனாரா வழுக்கும். மேல் டென்சனை நல்லாக் குறைக்கோணும், தொடங்கேக்கை ரெண்டு நூல் நுனியையும் கையாலை பிடிச்சுக்கொண்டு தொடங்கோணும், முடிக்கேக்கை பின்னுக்கும் முன்னுக்கும் கூட ஓட்டோணும். பாலியஸ்டர் நுனியை லைட்டராலை சுட்டு உருக்கி விடலாம், டெனாராவை அப்பிடி உருக்கி அடக்கேலாது. நான் டொட்ஜருக்கு அது தான் போடுறனான், ஆனா இந்தத் தம்பிக்குப் பாலியஸ்டர் தான் சொல்லுவன். அண்ணை சொன்ன கணக்குத் தான் என்ர கணக்கும்.

காசிமேடு_கார்த்தி:

பாஸ் நடுவுல பூந்துக்கிறேன், நான் சென்னை, நம்மகிட்ட இருக்குறது சின்ன டிங்கி, லேசர்னு ஒரு பாய்ப்படகு வகை. நம்ம ஊர்ல இந்த சன்பிரெல்லா ரோல் கணக்குல போய் வாங்குறதெல்லாம் நடக்கிற காரியம் இல்ல, விலையும் தாங்காது, அதனால எங்க ஆளுங்க நிறைய பேரு என்ன பண்றாங்கன்னா லாரிக்குப் போடுற பிவிசி தார்ப்பாய் வாங்கி ஆட்டோ டாப் தைக்கிறவங்ககிட்ட குடுத்துடறது, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் கார் சீட் கவர் தைக்கிறவங்களும் தைச்சுத் தருவாங்க. அவங்க மிஷின் கனமான மிஷின், எட்டு மடிப்பு சர்ருனு போகும். கை சுத்தமான ஆளுங்க, அளவு மட்டும் நாம சரியா குடுத்துட்டா போதும், படகையே அவங்க பாத்ததில்லன்னாலும் கவர் கச்சிதமா உக்காரும்.

ரெண்டு விஷயம் மட்டும் நின்னு பாத்துக்கணும். ஒண்ணு நூல், சீட்டுக்கு அவங்க போடுறது நைலான், கார் உள்ள இருக்குற சீட்டுக்கு அது ஓகே, மெட்ராஸ் வெயில்ல மொட்டையா நிக்கிற கவருக்கு ஆகாது. நூலை நாமளே வாங்கிக் குடுத்துடணும், கோட்ஸ் கம்பெனில டபாண்ட்னு ஒரு பாலியஸ்டர் நூல் இருக்கு, வெயிலுக்குன்னே பண்ணது. ரெண்டாவது, பிவிசி மூச்சு விடாது, உள்ள இருக்குற ஈரம் வெளிய போகாது, காலைல தூக்கிப் பாத்தா டெக் பூரா வேர்த்து நிக்கும். அதனால பூமை நடுவுல தூக்கி நிறுத்தி கூடாரம் மாதிரி ரெண்டு பக்கமும் சரிவா வர்ற கவரா தைக்கச் சொல்லணும், மட்டமா டெக் மேல இழுத்துக் கட்டினா மழைத் தண்ணி நடுவுல குளம் கட்டும், அந்த வெயிட்ல கயிறு கோக்குற ஐலெட்டு பிச்சுக்கும்.

ஐலெட், டிச் பட்டன் எல்லாம் பித்தளையா இருக்கணும், இல்லேன்னா ஸ்டீல்ல 316 கிரேடு, முலாம் பூசின இரும்பு வேணாம், ஹார்பர் காத்துல ஒரு மழைக்காலம் முடியறதுக்குள்ள துணி பூரா துரு இறங்கிடும். கனடா அண்ணனுக்கு ஏரித் தண்ணி, உப்பு இல்ல, இந்தத் தொல்லை கம்மி.

ஸ்காபரோ_அலை:

கார்த்தி, உப்பில்லாட்டியும் இஞ்ச ஏரியிலை குருவியள் உப்பை ஈடு கட்டுதுகள்.

முடிவு எடுத்திட்டன், இந்த வருசம் பழசைத் திருத்திறன், பனிக்காலத்திலை ஆறுதலா இருந்து புதுசு ஒண்டு தைக்கிறன். அதுக்கு அக்கா ஒருக்கா அச்சு எடுக்கிற முறையைச் சொல்லிவிடுவீங்களோ, படகு தண்ணியிலை நிக்கேக்கையே அளவு எடுத்து வைச்சிடுவன். பழைய கவரை மேசையிலை விரிச்சு அப்பிடியே வெட்டினா காணாதோ? வின்ச் முட்டின ஓட்டைக்கு என்ன செய்யிறது எண்டும் சொல்லுங்கோ.

மிசின்_அக்கா:

பழைய கவரை அச்சா வைச்சு அப்பிடியே வெட்ட வேண்டாம். சில இடம் இழுபட்டிருக்கும், சில இடம் சுருங்கியிருக்கும், அதோட உங்கட பாயும் மாறியிருக்கலாம், புதுப் பாய் விறைப்பா இருக்கும், மடிச்சா உயரமா நிக்கும். முந்தியிருந்தவர் முதுகிலை தையல் விட்ட பிழையும் புதுசுக்கு வந்திடும். பழசிலை இருந்து எடுக்கிறது ஹூக் எங்க வருது, லேசி ஜாக்குக்கு (இறக்கிற பாயைத் தாங்கிப் பிடிக்கிற கயிறு) வெட்டு எங்க வருது எண்ட குறிப்பு மட்டும்.

காத்தில்லாத நாளாப் பாருங்கோ. பாயை நீங்கள் வழமையா மடிக்கிற மாதிரியே பூமிலை மடிச்சுக் கட்டுங்கோ, வடிவா மடிக்கோணும் எண்டு அண்டைக்கு மட்டும் விசேசமா மடிக்க வேண்டாம், பிறகு ஒவ்வொரு நாளும் கவர் காணாமல் மல்லுக்கட்டோணும். பெயின்ற் அடிக்கேக்கை நிலத்திலை விரிக்கிற தெளிவான பிளாஸ்ரிக் சீற், கொஞ்சம் மொத்தமானதா வாங்கி, முதுகிலை இருந்து ரெண்டு பக்கமும் தொங்க விட்டு ரேப்பாலை ஒட்டி இழுத்து விடுங்கோ. சுருக்கு இருக்கக் கூடாது. மார்க்கராலை முதுகுக் கோடு, பூமின்ர அடிக் கோடு, மாஸ்ட் தொடங்கிற இடம், வின்ச், கிளீற் (கயிறு கட்டிற கொம்பு), டொப்பிங் லிஃப்ற் (பூமைத் தூக்கிப் பிடிக்கிற கயிறு) வாற இடம் எல்லாம் பிளாஸ்ரிக்கிலேயே கீறுங்கோ. எந்தப் பக்கம் இடது எந்தப் பக்கம் வலது, எது முன்னுக்கு எண்டு எழுதுங்கோ, மேசையிலை போட்டா தலைகீழா எல்லாம் ஒரே மாதிரித் தான் இருக்கும்.

இப்ப துணி. சன்பிரெல்லா 46 இஞ்சியிலையும் 60 இஞ்சியிலையும் வருது. 60 வாங்குங்கோ. நீட்டுக்கு ரெண்டா மடிச்சா ஒவ்வொரு பக்கமும் 30 இஞ்சி விழும், உங்கட அளவுப் படகுக்கு அநேகமாப் பூம் முழுக்க மூடக் காணும், அண்ணை சொன்ன மாதிரி முதுகிலை தையலே வராது, மடிப்புத் தான் முதுகு. சரிவை எல்லாம் கீழ்க்கரையிலை வெட்டி எடுங்கோ, மாஸ்ட் பக்கம் அகலம், பின்னுக்குப் போகப் போக ஒடுக்கம். கீழ்க்கரைக்கு மடிச்சுத் தைக்க ஒன்றரை இஞ்சி விடுங்கோ. ஹூக், ட்விஸ்ற் பட்டன் வாற இடத்திலை உள்ளுக்கு இன்னொரு துண்டுத் துணி வைச்சுத் தான் குத்தோணும்.

கொலர் தான் கை வேலை. பாயின்ர தலைப்பக்கம் மாஸ்ட்டோட சேந்து மேல எழும்பி நிக்கும், அதைச் சுத்தி வாற துண்டு தனியா வெட்டோணும், முதுகோட அதைச் சேக்கிற இடத்திலை ஒரு பிடிப்பு வரும், பிளவுசுக்கு டார்ட் பிடிக்கிற மாதிரி, அம்மாவிட்டைக் கேளுங்கோ, கண்ணை மூடிக்கொண்டு செய்வா. அந்தச் சேருற தையலிலை மேல் துண்டு வெளியிலையும் கீழ்த் துண்டு உள்ளையும் வரோணும், தண்ணி மடிப்புக்குள்ளை போகாமல் வழிஞ்சு இறங்கிற மாதிரி. சிப்பை மாஸ்ட்டுக்கு முன்பக்கம் விட்டு, அதை மூடுற மாதிரி ஒரு இஞ்சியிலை ஒரு மூடி வையுங்கோ, சிப்பின்ர துணியும் வெயிலிலை போறது தான். சிப் பிளாஸ்ரிக் பல்லு, 10ஆம் நம்பர். கொலருக்கு மேல ஒரு நாடா விட்டு மாஸ்ட்டோட இறுக்கிக் கட்டுங்கோ, இல்லாட்டி மழை மாஸ்ட் வழியா நேர உள்ளுக்கு இறங்கும்.

வெட்டுறது கத்தரிக்கோலாலை வெட்டினா ஓரம் பிரியும். சூட்டுக் கத்தி இருந்தா நல்லது, இல்லாட்டி சோல்டரிங் அயர்னுக்குத் தட்டை நுனி போட்டு ஒரு பழைய ரைல்ஸ் கல்லிலை வைச்சு மெல்லமா இழுங்கோ, வெட்டும் போதே ஓரம் உருகி அடங்கும். வெளியிலை வைச்சுச் செய்யுங்கோ, புகை கூடாது. வேகமா இழுத்தா ஓரம் அடையாது, நிண்டு நிண்டு இழுத்தா கருகி விறைச்சு நிக்கும், ஒரு துண்டிலை கை பழகிப்போட்டு வெட்டுங்கோ.

வின்ச் ஓட்டைக்கு இப்போதைக்கு: ஓட்டையைச் சுத்தி ஒரு இஞ்சி கூட வாற மாதிரி ஒரு துண்டு, மூலை எல்லாம் வட்டமா வெட்டுங்கோ, கூர் மூலை முதல் எழும்பும். உள்பக்கமா ஒட்டு ரேப்பாலை ஒட்டிட்டு சுத்தவர ரெண்டு வரிசை தையல். பழைய துணி பொடியா வாற இடத்தை வெட்டி எடுத்திட்டு நல்ல துணியிலை தைக்கோணும். புதுக் கவருக்கு அந்த இடத்திலை உள்ளுக்குத் தடிச்ச வினைல் ஒண்டை முதலே வைச்சுத் தையுங்கோ, வின்ச் அங்க தான் இருக்கப் போகுது.

சாங்கி_காத்து:

அக்கா சொன்னதோட ஒண்ணு, அளவு எடுக்கிற அன்னைக்கு பாயை ஏத்துற கயிறு ஹால்யார்டை மாஸ்ட்டை விட்டுத் தள்ளி இழுத்துக் கட்டிட்டு எடுங்க, நீங்க கவர் போடும்போது அது எப்படி நிக்குமோ அப்படி. எங்க கிளப்ல பாதிக் கவர் கொலர்ல ஓட்டையாறது கயிறு ராத்திரி பூரா அடிச்சு அடிச்சுத்தான், வெயிலால இல்ல.

ஸ்காபரோ_அலை:

நன்றி எல்லாருக்கும், எழுதி எடுத்திட்டன். அம்மாவிட்டை டார்ட் விசயம் கேட்டன், படகுக்கு பிளவுஸோ எண்டு கேட்டவ, பிறகு தானே மிசினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு இருக்கிறா. ஒரே ஒரு கேள்வி, 110 ஊசி இந்தப் பழைய மிசினிலை நூல் பிடிக்கிற கொக்கியிலை உரசாதோ?

மிசின்_அக்கா:

உரசாது. போட்டிட்டுச் சில்லைக் கையாலை ரெண்டு சுத்துச் சுத்திப் பாருங்கோ, டிக் எண்டு சத்தம் கேட்டா ஊசியை முழுக்க மேல தள்ளாமல் பூட்டியிருக்கிறீங்கள், கழட்டித் திருப்பிப் பூட்டுங்கோ. அப்பவும் கேட்டா 100 போடுங்கோ, 16 எண்டு இருக்கும், வி-69 நூலுக்கு அதுவும் காணும்.